கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்

மாணவர் விடுதி, கிர்க்வால்
8 செப்டம்பர் 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

மெரன் எழுதுவது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாலும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று விமானத்தடியில் வைத்து மிரட்டினாய். அதனால் கேட்கவில்லை. ஆடுகள் எப்படி இருக்கின்றன? அடுப்பு எப்படி இருக்கிறது? அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே, நீ பிடித்துக்கொண்டு நடக்க நான் கட்டிவிட்டு வந்த கயிறு எப்படி இருக்கிறது?

இங்கே எல்லாம் பழையபடிதான். வெளித்தீவுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே போன். வரிசையில் நின்று என் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது. கடிதம்தான் சரி. என் அறைக்கு ஷோனா என்று ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். ஆடு கடற்பாசி தின்னும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். "எங்க ஸ்கார்வேயில சுவர் வயலைச் சுத்தி இல்லடி, தீவைச் சுத்தி. நாங்க உள்ள, ஆடு வெளிய, கடற்கரையில" என்றேன். "எல்லார் ஆடும் கலந்து கிடக்குமா? அப்புறம் எப்படிப் பிரிப்பீங்க?" என்றாள். காதில் வீட்டுக்கு வீடு ஒரு வெட்டு உண்டு, பட்டி வாசலில் என் அம்மா நின்று காதைப் பார்த்து யாருடையது என்று கூவுவாள் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

இது கடைசி வருடம். ஆபர்டீனில் கணிதம் படிக்க மனுப் போடு என்று கணக்கு வாத்தியார் லூட்டிட் விடாமல் பிடுங்குகிறார். பார்க்கலாம் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? இப்போது லீவுக்கு லீவு வந்துவிடுகிறேன். அவ்வளவு தூரம் போய்விட்டால் உன்னோடு யார் இருப்பது? நம் வீட்டுக்காக யார் நடப்பது? பட்டி அடைக்கிற நாளில் கரையோரம் ஆடுகளை ஓட்டிவர வீட்டுக்கு ஒரு ஜோடிக் கால் வந்தாக வேண்டும். ஒரு வருடம் வராத வீட்டின் வெட்டை, எல்லா வெட்டும் பதிந்த ஊர்ப் புத்தகத்திலிருந்து அடித்துவிடுவார்கள். அப்பா நியூசிலாந்துக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அந்தக் கால் என்னுடையதுதானே. நம் முப்பத்தோரு ஆடுகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வதை என்னால் பார்க்க முடியாது.

பக்கத்து வீட்டு மேன்சி மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்பு மகள்,
மெரன்


ஸ்கார்வே
21 செப்டம்பர் 1991

மெரனுக்கு,

அம்மா சொல்ல மேன்சி எழுதுவது. (இந்த ஊரின் தபால்காரன், விமானத்தளத்துத் தீயணைப்பு வீரன், வெட்டுப் புத்தகத்தின் காவலன் எல்லாம் நான்தான் என்பது உனக்குத் தெரியும். இப்போது உன் அம்மாவின் பேனாவும் நான்தான். கூலி ஒரு துண்டு சீஸ்.)

என்னால் எழுத முடியாது என்று நினைத்துக்கொள்ளாதே. நேரமில்லை, அவ்வளவுதான். (நேரம் இருக்கிறது.) யோவ் மேன்சி, நான் சொல்றதை மட்டும் எழுதுய்யா. (எழுதிவிட்டேன்.)

ஆடுகள் நலம். அடுப்பு நலம். உன் கயிற்றில் இப்போது துணி காய்கிறது. போன வருடம் மங்கின கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. (இந்த வரிக்கு நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.)

சனிக்கிழமை பட்டி அடைத்தோம். ஓலிக்கு வாய்க்கொழுப்பு குறையவே இல்லை. "ஏன் வில்லா, ஒவ்வொரு ஆட்டையும் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுக்கிறே, எங்களுக்கெல்லாம் ஒண்ணு கிடையாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டான். "ஆடு தினம் கடல்ல குளிக்குது. நீ எப்பக் குளிச்சே?" என்றேன்.

ஆபர்டீனுக்கு மனுப் போடு. கால் விஷயம் என் தலைவலி, உன்னுடையது இல்லை. பார்லி ரொட்டி ஆறு அனுப்பியிருக்கிறேன். ஷோனாவுக்கும் கொடு.

அம்மா


கிர்க்வால்
27 அக்டோபர் 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆடுகளையும் அடுப்பையும் விசாரித்ததாகச் சொல். மற்றதைக் கேட்கவில்லை.

மனுப் போட்டுவிட்டேன். போட்டுவைப்பதில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று வாத்தியார் வற்புறுத்தினார். அதில் ஒரு முழுப் பக்கம், உன்னைப் பற்றி எழுது என்று காலியாக விட்டிருக்கிறார்கள். எல்லோரும் பாட்டு, பந்து, நீச்சல் என்று எழுதினார்கள். எனக்கு எழுத ஒன்றும் இல்லை. மூன்று நாள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளதை எழுதினேன். வாத்தியார் படித்துவிட்டுக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். "இது உனக்கு இடம் வாங்கிக் கொடுக்கும்" என்றார்.

பிரதியோடு சேர்த்துப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். உள்ளே வைத்திருக்கிறேன். நீ படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

மெரன்

(உடன் வைத்தது)

"என் தாய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்புகளின் உறை இடையிடையே அழிந்துகொண்டே வரும். எங்கள் தீவுகளில் அபூர்வமான நோய் அல்ல. எனக்கு ஒன்பது வயதானபோது அவருக்கு வந்தது. அன்றிலிருந்து அவருடைய கையும் காலும் நான்தான். அவரால் தனியாக ஒரு கோப்பைத் தேநீர்கூடத் தயாரித்துக்கொள்ள முடியாது. என் குழந்தைப் பருவம் அவரைத் தூக்கி நிறுத்துவதிலேயே கழிந்தது…"


ஸ்கார்வே
29 நவம்பர் 1991

மெரனுக்கு,

கையெழுத்தை அன்றைக்கே அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதவில்லை. எழுத இத்தனை நாள் ஆயிற்று. கோபம் ஆற வேண்டாமா?

நீ படிக்காதே என்றதும் மேன்சியை மூன்று முறை படிக்கச் சொன்னேன். நன்றாக எழுதியிருக்கிறாய். மூன்றாம் முறை கேட்டபோது அந்தப் பெண்பிள்ளை மேல் எனக்கே பரிதாபம் வந்துவிட்டது. அப்புறம்தான் அது நான் என்று உறைத்தது. (அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.)

நீ எழுதினது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெரன், நீ என்னைப் பார்த்ததே கிடையாது. நான் கோப்பைக்குக் கை நீட்டுமுன் கோப்பை என் கையில் இருக்கும். நான் எழுந்திருக்க நினைக்குமுன் உன் தோள் என் கக்கத்தில் இருக்கும். ஒன்பது வயதிலிருந்து நீ அத்தனை வேகம். அந்த வேகத்தில் என்னைப் பார்க்க உனக்கு எங்கே நேரம்? நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கிறிஸ்துமஸுக்கு வா. வருவதென்றால் ஒரு நிபந்தனை. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து, கிறிஸ்துமஸுக்குப் பிறகு மறுபடி பட்டி அடைக்கிற நாள் வரைக்கும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள். உன் சாப்பாட்டுக்கு வெளியே எடுக்கலாம், எனக்காக எடுக்கக் கூடாது. நான் விழுந்தாலும்தான். சம்மதம் என்றால் விமானம் ஏறு. இல்லையென்றால் ஷோனா வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொள்.

அம்மா


கிர்க்வால்
12 ஜனவரி 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எதிர்க்காற்றில் விமானம் இரண்டு தடவை சுற்றித்தான் இறங்கியது. வந்து ஐந்து நாளாகிறது. தினமும் எழுத உட்காருகிறேன். வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்றே காதில் ஏறவில்லை.

வீட்டில் இருந்தபோது உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். மேன்சி மாமா, இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

முதல் நாள் நீ தேநீர் போட்டாய். முப்பத்தைந்து நிமிடம். நான் ஸ்டூலில், கை பைக்குள். கெட்டிலை நீ தூக்கவே இல்லை. கல்மேடையில் ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் வைத்து வழுக்கிக்கொண்டு போனாய். தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றினாய். இடுப்பை மேஜை விளிம்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டாய், இரண்டு கையும் அதனால் வேலைக்குக் கிடைத்தது. நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்தாய். ஓய்வு என்று நினைத்தேன். "என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். "கணக்குப் போடறேன். இன்னிக்கு நாலு வேலைக்குத்தான் சத்து இருக்கு. எந்த நாலுன்னு பார்க்கிறேன்" என்றாய். கணிதம் படிக்கப் போகிறவள் நான்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

டிசம்பரில் ஜன்னலைத் திறந்து வைக்கிறாயே என்று எத்தனை வருடமாகச் சண்டை போட்டிருக்கிறேன்! நீ திறப்பாய், நான் மூடுவேன். இந்த முறை மூடக் கையில்லை. பார்த்தேன். அடுப்புச் சூடு ஏறினால் உன் கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. குளிர்காற்று முகத்தில் பட்டுக் கால்மணி நேரத்தில் சரியாகிவிடுகிறாய். இத்தனை நாள் உன்னைச் சூடாக வைத்துச் சூடாக வைத்து முடமாக்கியது நான்தான்.

இடது பூட்ஸில் ஆட்டு மணி ஒன்று கட்டியிருக்கிறாய். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பாதத்தில் உனக்கு உணர்ச்சியே இல்லை, தரையில் வைத்தாயா இல்லையா என்று மணிச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்கிறாய் என்று மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. நீ காதால் நடக்கிறாய், அம்மா. என் உயிரியல் புத்தகத்தில் நரம்பைப் பற்றி ஒன்பது பக்கம் இருக்கிறது. கம்பி அறுந்துபோனால் செய்தி போகாது என்று முடித்துவிட்டார்கள். உன்னைக் கேட்காமல் எழுதின புத்தகம்.

நான்காம் நாள் கரிவாளி பக்கத்தில் விழுந்தாய். என் நகம் பைத் துணியைக் கிழித்துவிட்டது, தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ புரண்டாய், முழங்காலை மடக்கினாய், நாற்காலியின் குறுக்குக்கட்டையில் தாடையை வைத்து உந்தினாய். பதினொரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உன்னைப் பார்க்கத் தைரியமில்லை. எழுந்து நின்று, "சூப்பு அடிபிடிச்சிருக்கும், மோந்து பாரு" என்றாய். மலை ஏறுகிறவர்களை ஊரே கூடிப் பாராட்டுகிறது. நம் அடுக்களையில் நடந்ததற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

இனிமேல்தான் முக்கியமானது. பட்டி நாள். ஆலங்கட்டி மழை, மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கரையோரம் நடந்த எங்கள் வரிசை ஆடுகளை ஓட்டிவந்து அடைத்தது. காது கிழிந்த அந்தக் கிழட்டு ஆட்டுக்காக ஓலியும் ஜெஸ்ஸி-ஆனும் மல்லுக்கு நின்றார்கள். "மேல் நுனியில ஒரு வெட்டு, என்னுது" என்றார் ஓலி. "அது வெட்டு இல்ல, நாய் கடிச்சது" என்றாள் ஜெஸ்ஸி-ஆன். நீ குனிந்தாய். காதை வாயருகே கொண்டுபோனாய். ஓலி வழக்கம்போல ஆரம்பித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உன் கீழுதடு காதின் ஓரமாக மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக நகர்வதைப் பார்த்தேன். "ரெண்டு பேருதும் இல்ல. அடியில பழைய வெட்டு ஒண்ணு ஆறிக் கிடக்கு, அரைவட்டம். கலங்கரை விளக்கத்து வீட்டு ஆடு" என்றாய். மேன்சி மாமா புத்தகத்தைப் புரட்டினார். அரைவட்டம்தான்.

நீ முத்தம் கொடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தாய். விரலில் உணர்ச்சி போன பிறகு உதட்டால். எத்தனை வருடமாக?

அப்புறம் நான் உனக்கு மூன்றடி எதிரில் வந்து நின்றேன். நேரே என் முகத்தைப் பார்த்து, "யாரது, ஓலியா?" என்றாய்.

நான் நகர்ந்து போய்விட்டேன். அது நான்தான் அம்மா.

கண் தெளிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே. கேட்கக் கூடாது என்றாய், கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. பதினெட்டு வருடம் உன் மகளாக இருந்து, இவ்வளவு பெரிய மனுஷியை இப்போதுதான் பார்க்கிறேன்.

மெரன்


ஸ்கார்வே
31 ஜனவரி 1992

மெரனுக்கு,

பெரிய மனுஷியும் இல்லை, ஒன்றும் இல்லை. தேநீர் வேண்டியிருந்தது, போட்டேன். (இவள் கண் சரியில்லை என்று சந்தேகம் உண்டு. உதடு விஷயம் எனக்கும் இப்போதுதான் தெரியும். பக்கத்திலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், மடையன்.)

இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது. அது போதும். இதை யாரிடமும் மூச்சு விடாதே. கண் தெரியாதவள் பட்டி வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தால் நாளைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

ஆபர்டீன் என்ன ஆயிற்று? ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. (மழை உள்ளே அடிக்கிறது.)

அம்மா


கிர்க்வால்
24 மார்ச் 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஆடுகள் நலமா?

ஆபர்டீனில் இடம் இல்லை என்றாகிவிட்டது. நிறையப் பேர் போட்டியாம். பரவாயில்லை, எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஜூன் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். வந்ததும் ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும். வடக்குப் பக்கம் சுவரில் நாலு கல் சரிந்து கிடக்கிறதே, அதையும் எடுத்துக் கட்டிவிடலாம். தபால் உதவிக்கு ஆள் தேவைப்படுமா என்று மேன்சி மாமாவைக் கேள்.

பரீட்சை நெருங்குகிறது. அதிகம் எழுத முடியாது.

மெரன்


ஸ்கார்வே
10 மே 1992

அன்புள்ள மெரனுக்கு,

மேன்சி எழுதுவது. இது உன் அம்மா சொல்லாதது. தெரிந்தால் என் சீஸ் நின்றுபோகும். ஆனாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைத் தபாலில் உன் பெயருக்குப் பல்கலைக்கழகத்துக் கடிதம் ஒன்று வந்தது. வீட்டு விலாசத்துக்கே அனுப்பிவிட்டார்கள். கொடுத்தேன். "பிரிச்சுப் படி" என்றாள். அடுத்தவர் கடிதத்தைப் படித்துக் காட்டுவது தபால்காரனுக்கு அழகில்லை என்றேன். "நீ எப்பய்யா அழகா இருந்தே, படி" என்றாள். படித்தேன். நாங்கள் கொடுத்த இடத்தை நீங்கள் வேண்டாம் என்று எழுதியதற்கு வருந்துகிறோம், மனம் மாறினால் ஜூன் பதினைந்துக்குள் தெரிவிக்கவும் என்று இருந்தது.

உன் அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "பொய் சொல்ல என்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கா" என்றாள். அவ்வளவுதான். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் வாரம் அவளுக்கு வலது கை முழுதாக விழுந்துவிட்டது. பதினாறு நாள் படுக்கை. ஜெஸ்ஸி-ஆன் வந்து கஞ்சி ஊட்டினாள். உனக்கு எழுதக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ ஆபர்டீன் கிடைக்கவில்லை என்று எழுதினாய், அவள் ஆடுகள் நலம் என்று எழுதச் சொன்னாள். நடுவில் நான் பை தூக்கிக்கொண்டு நடக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

மேன்சி


ஸ்கார்வே
30 மே 1992

மெரன் கண்ணு,

இதை நானே எழுதுகிறேன். இடது கை. ஒரு நாளைக்கு மூன்று வரிதான். எழுத்து எருமை உழுதது மாதிரி இருக்கும்.

நீ கேட்காததற்கெல்லாம் பதில். வலது கை போய்விட்டது. பாதி திரும்பியிருக்கிறது. இடது கண்ணில் ஓரம் மட்டும். வாரத்துக்கு இரண்டு முறை விழுகிறேன். சில நாள் படுக்கை நனைந்துவிடுகிறது. இன்னும் மோசமாகும். எப்போது என்று டாக்டருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ போனால் நான் நன்றாக இருப்பேன் என்று சொல்லமாட்டேன். இருக்கமாட்டேன். நீ இங்கே இருந்தாலும் இருக்கமாட்டேன். நீ இருந்தால் இந்த நோய் இரண்டு பேருக்கு. அதுதான் வித்தியாசம்.

நீ வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். போ.

நேற்று ஊர்க் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீதியை மேன்சி எழுதுவான். என் கை அவ்வளவுதான்.

அம்மா

(மேன்சி சேர்த்து எழுதுவது: பள்ளிக்கூடத்தில் கூட்டம். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "எனக்குக் கண் தெரியாது. விரலும் போச்சு. ரெண்டு வருஷமா உதட்டாலதான் காதைப் பார்க்கிறேன். ஒரு ஆட்டையாவது தப்பாச் சொல்லியிருந்தா இப்பச் சொல்லுங்க, வாசலை விட்டு இறங்கிடறேன்" என்றாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். பிறகு ஓலி எழுந்தான். "இத்தனை நாளா முத்தம்னு நெனச்சு ஒரு ஆட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கேன். எனக்கு இந்த ஊர்ல மானம் போச்சு" என்றான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் ஜெஸ்ஸி-ஆன் அழுதுவிட்டாள். வாசலில் நிற்பதும் ஒரு ஜோடிக் காலுக்குச் சமம் என்று புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். உங்கள் வெட்டு இருக்கும்.

பிறகு உன் அம்மா, "இன்னொண்ணு. காலையில எனக்கு உதவிக்கு ஆள் வேணும்" என்றாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முறை வைத்துக்கொண்டு ஆறு வீடு ஒப்புக்கொண்டது.)


கிர்க்வால்
9 ஜூன் 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எருமை நன்றாகத்தான் உழுதிருக்கிறது.

நேற்று லூட்டிட் வாத்தியார் அறையிலிருந்து ஆபர்டீனுக்குப் போன் போட்டோம். இடம் இன்னும் இருக்கிறதாம். எடுத்துக்கொண்டேன். வாத்தியார் போனை வைத்துவிட்டு, "ஏன் வேண்டாம்னு எழுதினே?" என்று கேட்டார். அம்மாவுக்காக என்றேன். அதையேதான் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அறைக்கு வந்தபிறகு யோசித்தேன். உனக்கு எழுதாமல் இருந்தால் மறுபடியும் பொய் ஆகிவிடும்.

கிறிஸ்துமஸ் லீவில் உன்னைப் பார்த்து வாய் அடைத்துப்போய் நின்றேனே, அதே நேரத்தில் உள்ளுக்குள் ஒரு பயமும் வந்தது. என் கை பைக்குள் இருந்தும் உனக்குத் தேநீர் கிடைத்தது. அப்படியானால் நான் எதற்கு? ஒன்பது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். யாருக்கும் கை கொடுக்காத நாளில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலிப் பக்கத்தில் உன்னைப் பற்றியே எழுதினதும் அதனால்தான்.

எனக்கும் பயமாக இருக்கிறது. போகிறேன்.

மெரன்


ஸ்கார்வே
4 அக்டோபர் 1992

மெரனுக்கு,

அம்மா சொல்ல மேன்சி எழுதுவது. ஆபர்டீனில் அறை எப்படி? உடம்பு எப்படி? தலையைத் துவட்டாமல் வெளியே ஓடாதே. கணக்கு கடினமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம், சுலபமாக இருந்தால் இங்கேயே போட்டிருக்கலாமே. (நானும் அதையேதான் நினைத்தேன்.)

இங்கே செய்திக்குக் குறைவில்லை. காலை முறைக்கு ஓலி வந்தான். அவன் போட்ட தேநீரை ஆடுகூடக் குடிக்காது. போன வாரம் நான் சொன்ன ஒரு வெட்டு தப்பாகிவிட்டது. முதல் தடவை. "தப்பு, மறுபடி பாரு வில்லா" என்றார்கள், மறுபடி பார்த்தேன், சரியாகச் சொன்னேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நான்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வலது கை முக்கால்வாசி வந்துவிட்டது. கண் அப்படியே இருக்கிறது.

நீ போன அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். விமானம் நகர்ந்தபோது வேலியோரம் நான் நின்றதைப் பார்த்திருப்பாய். தடி இல்லை, யாரையும் பிடிக்கவில்லை. "எம்மா, நீ தேர் மாதிரி நின்னியே! விமானத்தில பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் காட்டினேன்" என்று எழுதியிருந்தாய். உனக்குக் கண் கலங்கியது என்றும் எழுதியிருந்தாய்.

எனக்கு நீ தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை, விமானமும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அந்தச் சத்தம் ஓடுபாதைக் கடைசிக்குப் போனது, மேலே ஏறியது, சுவரைத் தாண்டிக் கடலுக்கு மேல் போனது. அதுவரைக்கும் நின்றேன். தெற்கே திரும்பிச் சன்னமாகி, அலைச் சத்தத்தில் கரைந்து போயிற்று. இன்னும் கொஞ்சம் நின்றேன், ஒருவேளை நீ இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால் என்று.

அப்புறம் விழுந்தேன். மல்லாக்க, புல்லில். அடி ஒன்றும் இல்லை. அங்கேயே கிடந்து சத்தம் போட்டு அழுதேன். ஸ்கார்வேயில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

தீயணைப்புத் தொப்பியோடு மேன்சி ஓடிவந்தான். "இவ்வளவு நேரம் அசையாம நின்னுட்டு இப்ப ஏன் விழுந்தே?" என்றான்.

"அவ போயிட்டாய்யா" என்றேன்.

நீ பார்த்ததும் நிஜம். பார்க்காததும் நிஜம். இரண்டையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்கும் வழி எனக்குத் தெரியும், பதினொரு நிமிடம் ஆகும். மேன்சி கை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

அம்மா